விடியும்வரை கேட்கும் உரிமை: சக்தியின் மூன்று இசைத்தட்டுகளும் மன்னார்க் கூத்தும்

ஓர் இசைக்குழு வெளியிட்ட இசைத்தட்டுகளுள் எது முதலாவது, எது கடைசி என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது மாணவர் விரும்பிச் செய்யும் காரியங்களுள் ஒன்று. விடுதி அறைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் இவ்விவாதம் ஓய்வதில்லை. பிங்க் ஃபுளொயிட் குழுவினரின் தட்டுகளுள் 1973 இல் வந்தது சிறந்ததா, 1979 இல் வந்தது சிறந்ததா என்று நள்ளிரவுவரை வாதிட்டோர் உலகெங்கும் உளர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தவறு. வரிசைப்படுத்துவோன் இசைத்தட்டை மட்டும் அளப்பதில்லை. தன் செவி எதற்குப் பழகியது, எதற்குப் பொறுமை இழக்கிறது என்பதையும் சேர்த்தே வெளியிடுகிறான். எது சிறந்தது என்னும் விடையிலும் பார்க்க, எக்காரணத்தால் அது சிறந்தது என்னும் விளக்கத்திலேயே ஒருவனது கலைநோக்கு புலப்படுகின்றது.

இந்நோக்கோடு ஆராயத்தக்கது 'சக்தி' என்னும் இசைக்குழு. 1970களில் மூன்றே மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டுப் பிரிந்த இக்குழுவைப் பற்றிப் பேசுவோருள் ஒரு சாரார் மூன்றாவது தட்டையே சிகரமாகக் கொள்வர். அதிலேதான் குழு பக்குவமடைந்தது. அதிலேதான் தேவையற்றன யாவும் களையப்பட்டன. அதிலேதான் எவரும் சலிப்பின்றிக் கேட்கலாம் என்பது அவர்தம் கூற்று. இக்கூற்று பிழையானது. பிழையானது மட்டுமன்று, இதற்கு அடியில் கிடக்கும் மனப்பான்மையே மன்னார்க் கரையின் கூத்தினை இரவிலிருந்து பிரித்து, மணிக்கூட்டின் முன் நிறுத்திய மனப்பான்மையுமாகும். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி இரண்டில் எதனையும் தெளிவாக விளங்கிக்கொள்ள இயலாது.

மூன்று நிமிடச் சிறை

20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கிய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டு ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையையே தாங்க வல்லதாயிருந்தது. கருநாடக இசை வித்துவான்களும் அந்தச் சிறிய கூண்டுக்குள் தம் கிருதிகளை அடக்கிப் பாட நேர்ந்தது. ஆலாபனை சுருங்கிற்று, நிரவலும் கற்பனைச் சுரமும் வெட்டுண்டன. 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபோது தொழில்நுட்பத் தடை நீங்கியது. ஆயினும் பழக்கம் நீங்கவில்லை. மூன்று நிமிடப் பாட்டே வானொலியின் அலகாகவும் வியாபாரத்தின் அலகாகவும் நிலைத்தது. கருவி விதித்த எல்லையைக் காலப்போக்கில் இயற்கையின் எல்லையென மனிதர் நம்பத் தலைப்பட்டனர்.

இந்நம்பிக்கையை உடைக்க முற்பட்டவர்களே மேலைநாட்டில் 'முற்போக்கு றொக்' இசைக்குழுவினர் எனப் பெயர் பெற்றோர். ஈழத்து இலக்கிய உலகில் முற்போக்கு என்னுஞ் சொல் சமுதாய நோக்கைச் சுட்டும். அங்கே அது பெரும்பாலும் வடிவத்தைச் சுட்டியது. 1971 இல் பிங்க் ஃபுளொயிட் குழு 'எக்கோஸ்' என்னும் ஒரே படைப்பினால் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பிற்று. 1972 இல் ஜெத்ரோ டல் குழு ஒரே பாட்டை இரு பக்கங்களுக்கும் நீட்டியது. 1973 இல் யெஸ் குழு இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களுக்கும் நான்கே படைப்புகளை வழங்கியது. இவற்றுள் வெற்று ஆரவாரமும் இருந்தது. வீண் நீட்சியும் இருந்தது. எனினும் இசை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இசையே தீர்மானிக்கட்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. அக்கோரிக்கையை அக்குழுக்களே பிற்பாடு கைவிட்டன. 1970கள் முடியும் தறுவாயில் அவற்றுட் சில சிறு பாடல்களுக்குத் திரும்பிவிட்டன.

நீரிணையின் இரு கரைகள்

இச்சூழலிலேதான் சக்தி தோன்றியது. யோர்க்ஷயரிற் பிறந்த கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லின் 1971 தொடக்கம் மகாவிஷ்ணு ஓக்கெஸ்ற்றா என்னும் குழுவை நடத்தி, ஜாஸையும் றொக்கையும் மின்னொலியிற் பேரிரைச்சலோடு இணைத்தவர். முற்போக்கு றொக் இரசிகரும் அக்குழுவைத் தமதாகவே கொண்டாடினர். அத்தகையவர் மின்கிற்றாரை வைத்துவிட்டு, மேலைநாட்டு மேளத்தொகுதியும் இல்லாமல், வயலின், மிருதங்கம், கடம், தபேலா ஆகியவற்றோடு தரையில் அமர்ந்தார். இதுவே சக்தி.

இக்குழுவினர் யாவர் என்பது மன்னார்க் கரையிலுள்ளோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும். மிருதங்கம் வாசித்தவர் இராமநாதபுரம் இராகவன். இராமநாதபுரம் மன்னாரின் எதிர்க்கரை. கடம் வாசித்தவர் விநாயக்ராம். தபேலா வாசித்தவர் பம்பாயைச் சேர்ந்த சாகிர் உசைன். வயலின் வாசித்தவர் எல். சங்கர். அவர் சென்னையிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அங்கே இசை கற்பித்த வி. இலட்சுமிநாராயணாவின் மைந்தர், எல். சுப்பிரமணியத்தின் தம்பி. 1958 ஆம் ஆண்டின் இன வன்செயலைத் தொடர்ந்து அக்குடும்பம் இலங்கையை விட்டு இந்தியா சென்றது. உலகம் வியந்து கேட்ட வயலினின் ஆரம்பப் பாடங்கள் யாழ்ப்பாணத்து வீடொன்றில் நிகழ்ந்தவை என்பதையும், அவ்வீடு வெறுமையானதற்கு இந்நாட்டின் வன்முறையே காரணம் என்பதையும் இசைத்தட்டு விமரிசனங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அவற்றுக்குச் சக்தி என்பது மக்லோக்லினின் சக்தி; ஏனையோர் அவருக்குப் பக்கவாத்தியம். இது திருத்தப்பட வேண்டிய பார்வை.

இவ்விரு கரைகளும் ஒருகாலத்தில் அந்நியமாய் இருக்கவில்லை. 1914 இலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை நடந்தது. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின் இராமேசுவரத்திலிருந்து அது தொடர்ந்து, 1980களில் போர்ச் சூழலால் நின்றது. நாதசுர தவில் வித்துவான்களும் நாடகக் குழுவினரும் கடல் கடந்து வந்துபோன காலத்தில் மன்னார்த் தீவு ஈழத்துத் தமிழிசையின் வாசற்படியாயிருந்தது. ஆயினும் இராமநாதபுரத்து மிருதங்கமும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலினும் சேர்ந்தது இக்குறுகிய நீரிணையின் கரைகளில் அன்று. சங்கரும் இராகவனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக இசைத்துறையோடு தொடர்புற்றிருந்தவர்கள். மக்லோக்லின் அவர்களை அவ்வழியே அறிந்தார். ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய பணி எத்தகையது என்பதற்கு இது சான்று.

நாடகமும் வாசாப்பும்

இனி அளவுகோல் யாது என்னும் வினா எழுகின்றது. நீண்ட கலைப்படைப்பு ஒன்றை எவ்வாறு கேட்பது, எவ்வாறு சுருக்குவது என்பவற்றில் மன்னார்ப் பிரதேசத்துக்கு நெடிய அனுபவம் உண்டு. பேசாலை, வங்காலை, நானாட்டான், முருங்கன் எனத் தீவிலும் பெருநிலத்திலும் பரந்த கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து வேரோடிய கலை. 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' என்னும் பெயரிலே போர்த்துக்கேயச் சொற்கள் தமிழ் நாவில் உருமாறி நிற்கின்றன; என்றிக்கே என்னும் பெயரும், பேரரசனைக் குறிக்கும் இம்பெறதோர் என்னுஞ் சொல்லுமே அவை. 'மூவிராசாக்கள் நாடகம்' குழந்தை இயேசுவைத் தரிசிக்க வந்த மூன்று அரசர்களைப் பற்றியது. 'ஞானசவுந்தரி நாடகம்' கை வெட்டுண்டு, மரியன்னையின் அருளால் மீண்டும் கை பெற்ற இளவரசியின் கதையைக் கூறுவது. பாடும் முறையாலும் கூத்துகள் வேறுபட்டன. யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இருவகைப் பாங்குகள் வழங்கின.

இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது, இம்மரபு நீட்சி, சுருக்கம் ஆகிய இரண்டையும் அறிந்திருந்தமையாகும். நாடகம் என வழங்கியது மிக நீண்டது. ஓரிரவில் அடங்காதனவும் உண்டு. வாசாப்பு என வழங்கியது அதனிலும் சுருங்கியது. ஓரிரவுக்குள் ஆடி முடிக்கத்தக்கது. வாசாப்பினை எவரும் அரைகுறை நாடகம் என்று இகழவில்லை. அதற்குரிய கட்டுக்கோப்பு அதற்கு இருந்தது. புலவன் கதையைக் குறுக்கினானேயன்றிக் கத்தரித்துத் துண்டாக்கவில்லை. காப்பும் வரவும் தருவும் மங்களமும் தத்தம் இடத்தில் நின்றன. அண்ணாவியாரின் மத்தளம் ஒரு பாத்திரத்தின் வரவை நிலைநிறுத்தப் போதிய நேரம் அங்கும் இருந்தது.

ஆகவே மன்னார் மரபு மூன்று நிலைகளை வேறுபிரித்து அறிய உதவுகின்றது. தன் நீளத்தைத் தானே தீர்மானித்துக்கொள்வது நாடகம். தன் விதியின்படியே சுருங்குவது வாசாப்பு. பிறர் விதித்த நிமிடக் கணக்குக்காக நறுக்கப்படுவது மேடைத்துண்டு. முதலிரண்டும் கலை வடிவங்கள். மூன்றாவது ஒரு நிருவாக ஏற்பாடு. சக்தியின் மூன்று இசைத்தட்டுகளும் இந்த மூன்று நிலைகளுக்கும் வியக்கத்தக்க வகையில் அணுக்கமாய் உள்ளன.

மூன்று தட்டுகள்

முதலாவது தட்டு 1976 இல் வெளிவந்தது. 1975 ஜூலை 5 ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு அது. ஏறத்தாழ 52 நிமிடங்களில் மூன்றே படைப்புகள். மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'ஜோய்' 18 நிமிடங்கள். பாதகமலத்தைக் குறிக்கும் 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. இறைவன் திருவடியில் ஆடும் ஆனந்தத்தைக் கூறும் மிக நீண்ட பெயரையுடைய இறுதிப் படைப்பு 29 நிமிடங்கள். இரண்டாவது தட்டாகிய 'எ ஹான்ட்ஃபுல் ஒஃப் பியூற்றி' அதே ஆண்டில் இலண்டனிலுள்ள கலையகத்திற் பதிவானது. இதில் இராகவன் இல்லை, ஐவர் நால்வராயினர். 47 நிமிடங்களில் ஆறு படைப்புகள். அவற்றுள் 'ஐசிஸ்' 15 நிமிடங்கள், 'இந்தியா' 12 நிமிடங்களுக்கு மேல். மூன்றாவது தட்டாகிய 'நாச்சுரல் எலிமென்ற்ஸ்' 1977 இல் வந்தது, ஜெனீவாவிற் பதிவானது. எட்டுப் படைப்புகள், மிக நீண்டதும் ஏறத்தாழ ஏழு நிமிடங்களே. ஒன்று இரண்டே நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

மூன்று, ஆறு, எட்டு என்று எண்ணிக்கை ஏற, ஒரு படைப்பின் சராசரி நீளம் 17 நிமிடங்களிலிருந்து எட்டாகி, பின் ஐந்தாகின்றது. இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றத்தையே பக்குவம் என்பர் அச்சாரார்.

முதலாவது தட்டிலே நிகழ்வது யாது? கிற்றாரும் வயலினும் ஒரே சொற்கட்டை ஒருங்கே வாசித்துத் தொடங்குகின்றன. பின்னர் ஒன்று வினாவாகவும் மற்றது விடையாகவும் மாறுகின்றன. வினா நீள்கிறது, விடை அதனை மிஞ்சுகிறது, இருவரும் குறுக்கிக் குறுக்கி ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றனர். அதன்மேல் தாளக் கருவிகள் அரங்கைத் தமதாக்கிக் கொள்கின்றன. மிருதங்கத்தின் கனம், கடத்தின் மண்ணொலி, தபேலாவின் குழைவு ஆகிய மூன்றும் தத்தம் மொழியிற் பேசுவதற்கு அங்கே காலம் உண்டு. வடக்கின் தபேலாவும் தெற்கின் மிருதங்கமும் வெவ்வேறு கணக்கு மரபின. அவை ஒன்றையொன்று அறிந்து இசைவு காணும் விந்தையை மூன்று நிமிடங்களில் காட்ட முடியாது. கேட்போன் முதல் ஐந்து நிமிடங்களில் வேகத்தைக் கண்டு மலைக்கிறான். பத்தாவது நிமிடத்தில் மலைப்பு அடங்கித் தாளத்தின் சுழற்சி உடம்பிற் பதிகிறது. அதன் பின்னரே உண்மையிற் கேட்கத் தொடங்குகிறான். விடிய விடியக் கூத்துப் பார்த்தவனுக்கு இவ்வனுபவம் புதிதன்று. முதற் சாமத்தில் அவன் பார்ப்பது உடுப்பையும் ஆட்டத்தையும். மூன்றாஞ் சாமத்தில் அவனே பாட்டினுள் இருக்கிறான்.

முதலாவது தட்டுக்குக் குறைகள் இல்லாமலில்லை. கலையகத்தின் துல்லியம் அதில் இல்லை. கிற்றாரின் வேகம் சிற்சில இடங்களில் வேகத்துக்காகவே நிகழ்கின்றது. கருநாடகக் கச்சேரி மரபின் பொறுமையான இராக விரிவை அதிலே தேடுவோர் ஏமாற்றமடைவர். ஆனால் இக்குறைகள் ஓர் உயிருள்ள கச்சேரியின் குறைகள்.

இரண்டாவது தட்டு வாசாப்புக்கு நிகர். கொன்னக்கோலுடன் தொடங்கும் அதன் முதற் படைப்பு ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்தாலும் எதுவும் பறிபோனதாகத் தோன்றுவதில்லை. சொல்ல வந்ததே அவ்வளவுதான். 'கிருதி' என்னும் மூன்று நிமிடப் படைப்பும் அத்தகையதே. நீள வேண்டிய 'இந்தியா'வும் 'ஐசிஸ்'உம் நீள்கின்றன. எது குறுகலாம், எது குறுகக் கூடாது என்பதைக் கலைஞரே தீர்மானித்ததன் விளைவு இது. மூன்று தட்டுகளையும் குறையில்லாமை என்னும் ஒரே அளவாற் பார்த்தால் இரண்டாவதே முதன்மை பெறும் என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

மூன்றாவது தட்டிலும் வாசிப்பு மாசற்றது. 'ஃபேஸ் டு ஃபேஸ்' தன் ஆறு நிமிடங்களுக்குள் நிறைவு பெற்ற படைப்பு. ஆயினும் தட்டை முழுமையாக நோக்கின், ஒவ்வொரு படைப்பும் ஒரு மனநிலையை அறிவித்துவிட்டு விடைபெறுகின்றது. வயலின் ஒரு சங்கதியைத் தொடங்குகிறது. அது எங்கே போகுமோ என்று செவி நிமிரும்போது படைப்பு முடிந்துவிடுகிறது. தாளக் கருவிகள் உரையாடுவதை விட்டு வண்ணம் பூசும் வேலையை ஏற்கின்றன. மணிக்கணக்கில் விரித்து வாசிக்க வல்ல நால்வரைக் கூட்டி வைத்து, அவர்களது வல்லமையின் மாதிரிகளை மட்டும் வரிசையாகக் காட்டியது போன்றதே இது. மாதிரிகள் அழகானவை. ஆனால் மாதிரிகளின் தொகுதியைப் படைப்பின் சிகரம் என்பது துணிக்கடைச் சன்னலை நெசவு என்பதற்கு ஒப்பாகும்.

எனவே வரிசை இவ்வாறு அமைகின்றது: முதலாவது தட்டே முதன்மையானது, இரண்டாவது அதற்கு மிக அணுக்கமானது, மூன்றாவது வெகு பின்னே நிற்பது. பிற்காலத்தில் 'றிமெம்பர் சக்தி' என்னும் பெயரில் மக்லோக்லினும் சாகிர் உசைனும் வேறு கலைஞரோடு மீண்டும் கூடியதும், 2023 இல் வெளியான 'திஸ் மோமன்ற்' என்னும் தட்டு மறு ஆண்டு கிராமி விருது பெற்றதும் தனியே ஆராயத்தக்கவை. 1970களின் மூன்று தட்டுகள் பற்றிய இத்தீர்ப்பை அவை மாற்றா.

மறுப்புகளுக்கு மறுப்பு

சுருக்கம் கலையின் உயர்குணம் அன்றோ எனச் சிலர் வினவலாம். உயர்குணமே. ஆனால் திருக்குறள் குறுகிப் பிறந்த நூல். சிலப்பதிகாரத்தைக் கத்தரித்துப் பெற்ற துண்டன்று. குறளின் பெருமையைக் காட்டிச் சிலம்பை ஏழு சீருக்குச் சுருக்க முனைவோன் இரண்டையும் அறியாதவன்.

நீட்சி என்பது ஓய்வுநேரம் மிகுந்த மேட்டுக்குடியினரின் ஆடம்பரம் என்று இன்னொரு சாரார் வாதிப்பர். இவ்வாதம் மன்னார்க் கரையிலேயே பொய்த்துவிடுகின்றது. அங்கே விடிய விடிய ஆடியவர்கள் கடலிற் பாடுபட்டவர்களும் மாதோட்டத்து வயல்களில் உழைத்தவர்களுமே. பகல் முழுவதும் உழைத்தவன் இரவைக் கூத்துக்குக் கொடுத்தான். கேட்போனும் பாய் விரித்துப் பிள்ளைகளோடு அமர்ந்து தன் இரவைக் கொடுத்தான். அவர்களுக்கு இல்லாத நேரம், ஐந்து நாட் கிரிக்கெற் போட்டியைப் பந்துக்குப் பந்து பின்தொடரும் இக்காலப் படித்தவனுக்கு இல்லை என்பது நகைப்புக்குரியது. இல்லாதது நேரம் அன்று, மதிப்பு.

மூன்றாவது மறுப்பு தூய்மைவாதிகளுடையது. கிற்றாரோடு கூடிய கலப்பிசையை மண்ணின் கூத்தோடு ஒப்பிடுதல் தகாது என்பர் அவர். போர்த்துக்கேயர் மன்னாரிற் கோட்டை கட்டியது 1560 இல். அவர்கள் கொணர்ந்த மதத்தின் கதைகளைத் தமிழ் விருத்தத்திலும் தருவிலும் வைத்து, மத்தளத்துக்கு ஆடியவர்களே மன்னார்க் கூத்தர். பேரரசன் என்றிக்கேயை மேடையேற்றிய மண்ணில் யோர்க்ஷயர்க் கிற்றார் தீட்டுப்படுமாயின், கூத்தையும் சேர்த்தே விலக்க வேண்டியிருக்கும். கலப்பு இங்கே வினா அன்று. கலந்தவை ஒன்றையொன்று அறிய நேரம் கொடுக்கப்பட்டதா என்பதே வினா.

பறிபோன இரவு

மன்னார்க் கூத்தின் நேரத்தைப் பறித்தவை இரண்டு. ஒன்று மணிக்கூடு, மற்றது போர்.

1960களில் பேராதனையைத் தளமாகக் கொண்டு பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியும்வரை ஆடியதை ஓரிரு மணித்தியாலங்களுக்குள் சுருக்கினார். கூத்தை இழிவாகக் கருதிய படித்த கூட்டத்தினரை அதன்முன் அமர்த்துவதற்கு அன்று அது வேண்டியிருந்தது. அது ஓர் அறிஞரின் வாசாப்பு. அவரே மன்னார் நாடகங்களாகிய எண்டிறீக்கு எம்பரதோரையும் மூவிராசாக்களையும் ஞானசவுந்தரியையும் நூல்களாகப் பதிப்பித்தார் என்பதை மறத்தலாகாது. மேடைக்குச் சுருக்கியவர் நீண்ட நாடகத்தை ஏட்டிலும் நினைவிலும் அழியவிடாது அச்சிற் காத்தார். பின்வந்தோர் சுருக்கத்தை மட்டும் கைக்கொண்டனர், பதிப்பை மறந்தனர். இன்று போட்டி மேடைகளிலும் விழா மேடைகளிலும் கூத்துக்கு நிமிடக் கணக்கில் நேரம் ஒதுக்கப்படுகின்றது. காப்பு விருத்தத்துக்கும் மங்களத்துக்கும் இடையே என்ன மிஞ்சுமோ அதுவே கூத்து என்றாகிவிட்டது.

போர் செய்தது இதனிலும் கொடியது. நாடகம் இரவுக்கு உரிய கலை. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இடப்பெயர்வும் மன்னார் மக்களின் இரவுகளையே பறித்த காலத்தில், பெட்டிவிளக்கும் மத்தளமும் கொண்டு ஊர் கூடி விடியும்வரை இருப்பது எங்ஙனம் இயலும்? அண்ணாவிமார் இடம்பெயர்ந்தனர், ஏட்டுப் பிரதிகள் வீடுகளோடு அழிய நேர்ந்தது, மனப்பாடம் பண்ணிய முதியோர் கற்பிக்க ஆளின்றி மறைந்தனர். கை வெட்டுண்ட ஞானசவுந்தரியைத் தலைமுறை தலைமுறையாய் ஆடிய மண்ணிலே கூத்தின் கையே வெட்டுண்டது.

2009 இல் போர் முடிந்தது. 2015 இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகைவண்டி ஓடிற்று. இரவு மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவ்விரவைக் கூத்துக்குத் திருப்பிக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. விடிய விடிய ஆடும் வழக்கம் முற்றாக அற்றுவிடவில்லை. ஊர்த் திருநாட்களில் எஞ்சியிருக்கின்றது. எனினும் படித்தோரும் நிறுவனங்களும் கூத்தென அறிந்தது மேடைத்துண்டை மட்டுமே. போரால் நேர்ந்த குறுக்கத்தையும் கலையின் இயற்கை எனக் கருதும் தலைமுறை வளர்ந்துவிட்டது. 78 தட்டின் மூன்று நிமிடங்களை இசையின் இயற்கை எனக் கருதிய அதே மயக்கம் இது. சக்தியின் மூன்றாவது தட்டைச் சிகரம் என்போரின் செவியும் இம்மயக்கத்திலேயே பழகியது.

செய்ய வேண்டியவை

இதற்குப் பரிகாரம் புலம்பல் அன்று. முதலாவதாக, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஓரிரவையேனும் ஒரு மன்னார் நாடகத்துக்கு முழுமையாக ஒதுக்குதல் வேண்டும். நேரங் குறிக்காமல், அண்ணாவியார் மங்களம் பாடும்போது முடியட்டும் என்று விடுதல் வேண்டும். முதல் ஆண்டு இருபது பேரே விடியும்வரை இருப்பின், அந்த இருபது பேரே போதும். இரண்டாவதாக, போட்டி விதிகளை வகுப்போர் நிமிட எல்லையை நீக்க இயலாதாயின், ஊர்ப்புலவரைக் கொண்டு புதிய வாசாப்பினை ஆக்குவித்தல் வேண்டும். நாடகத்தை நறுக்குதல் ஆகாது. மூன்றாவதாக, இரு பாங்குகளிலும் அமைந்த நாடகங்களைக் காப்பு முதல் மங்களம் வரை இடைவெட்டின்றி ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். தட்டின் பக்கங்கள் ஏறத்தாழ அரை மணித்தியாலத்தோடு முடிந்த காலத்தில் அது அரிய செயல். இன்றைய கருவிகளுக்கு ஓரிரவு என்பது ஒரு பொருட்டன்று. முட்டுக்கட்டை இப்பொழுது கருவியில் இல்லை.

இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தும் மாணவர் அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் 29 நிமிடப் படைப்பொன்றை 'நீளம் மிகுதி' என்று ஒதுக்குமுன், அந்நீளத்தினுள் நிகழ்ந்தது யாது என்று கூறக் கடமைப்பட்டவராவர். கூற இயலுமாயின் அது விமரிசனம். இயலாதாயின் அவர் அப்படைப்பைக் கேட்கவில்லை. அது முடியும்வரை காத்திருந்தார், அவ்வளவே.